ஈர மண்ணில் வாடும் ஸ்ட்ராபெரி: வாடல் நோய் என்றால் உண்மையில் என்ன?

கலிஃபோர்னியாவின் வாட்சன்வில் பக்கம் ஸ்ட்ராபெரி வயல்களில் கோடைக் காலையில் கடலிலிருந்து மூடுபனி இறங்கி நிற்கும். நீளநீளமான மேட்டுப்பாத்திகள், மேலே பிளாஸ்டிக் போர்வை, அதற்கடியில் சொட்டுநீர்க் குழாய். போர்வையில் செடிக்காக வெட்டிய ஓட்டைக்குள் விரலை விட்டால் மண் சில்லென்று ஒட்டிக்கொள்ளும். தண்ணீருக்குக் குறைவே இல்லை. ஆனால் வரிசையின் நடுவே ஒரு செடி மட்டும் வெளி இலைகளைத் தரையோடு படிய விட்டு, ஓரமெல்லாம் கருகிக் கிடக்கும். ஒரு சாண் தள்ளி இருக்கும் செடியில் பழம் பழுத்துச் சிவந்திருக்கும்.

இதைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, தண்ணீர் பத்தவில்லை என்பதுதான். அது இல்லை என்று தெரிந்ததும் அடுத்து தோன்றுவது, ஏதாவது மருந்து அடிக்க வேண்டும் என்பது. இந்த நோயில் இரண்டுமே உதவாது. ஏன் உதவாது என்று புரிந்துவிட்டால், என்ன செய்யலாம் என்பதில் பாதி புரிந்த மாதிரி. நம்மிடையே செடி தொங்கினாலே 'வாடல்' என்று சொல்லிவிடுகிற பழக்கம் இருப்பதால், அடியிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இளநீரும் ஸ்ட்ராவும்

இளநீர் குடிக்கும்போது சில சமயம் ஒரு துணுக்கு வழுக்கை ஸ்ட்ராவில் ஏறி அடைத்துக்கொள்ளும். கன்னம் ஒட்ட உறிஞ்சினாலும் ஒரு சொட்டு வராது. காய் நிறையத் தண்ணீர் இருக்கிறது, உறிஞ்சும் வாயும் இருக்கிறது, நடுவில் இருக்கும் குழாய்தான் அடைபட்டிருக்கிறது.

செடியும் ஏறக்குறைய இப்படித்தான் தண்ணீர் குடிக்கிறது. நம் வாய் செய்யும் வேலையை அங்கே இலைகள் செய்கின்றன. இலையின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகப் போகப்போக, கீழேயிருந்து நீர் மேலே இழுபடுகிறது. அந்த நீர் ஏறி வரும் மெல்லிய குழாய்களின் தொகுப்புக்கு சைலம் என்று பெயர். வேரில் தொடங்கி, தண்டு வழியாக, இலை நரம்பு வரைக்கும் அது ஒரே தொடர்.

ஸ்ட்ராபெரிக்கு நாம் நினைக்கிற மாதிரி நீண்ட தண்டு கிடையாது. மண்ணை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு குட்டைத் தண்டு இருக்கும். இதைத் தண்டடி என்று சொல்லலாம். இலை, பூ, வேர் எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன. ஆகவே மேலே போகும் தண்ணீர் முழுவதும் இந்தச் சிறு கட்டையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். அங்கே அடைத்தால் செடிக்கு வேறு வழி இல்லை.

அடைப்பது யார்?

மண்ணில் உறங்கிக்கொண்டிருக்கும் ஒரு பூஞ்சை, பக்கத்தில் வேர் வளரும்போது கசியும் சர்க்கரையையும் மற்றப் பொருட்களையும் உணர்ந்து முளைக்கிறது. வேரின் நுனியிலோ சின்னக் காயத்திலோ நுழைந்து சைலம் வரை போய்விடுகிறது. அங்கே சேர்ந்ததும் நுண்ணிய வித்துகளை உண்டாக்குகிறது. வித்து என்பது பூஞ்சையின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும் நீரோட்டமே அவற்றைச் சுமந்துகொண்டு போகிறது. ஓரிடத்தில் தங்கும், முளைக்கும், மறுபடி வித்து விடும், அது இன்னும் மேலே போகும்.

இதில் மனசுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. அடைப்பில் ஒரு பங்கு செடியே செய்வது. எதிரி குழாய்க்குள் வந்துவிட்டான் என்று தெரிந்ததும், அவன் மேலே ஏறாமல் இருக்கச் செடி அந்தக் குழாய்க்குள் பிசின் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. பக்கத்துச் செல்களும் பலூன் மாதிரி குழாய்க்குள் பிதுங்கி வழியை மூடுகின்றன. நல்ல வேகத்தில், சரியான இடத்தில் மூடினால் பூஞ்சை அங்கேயே நின்றுவிடும். எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள் பலவற்றில் இப்படி நடக்கிறது. தாமதமாக, கண்டகண்ட இடத்தில் மூடினால், திருடனுக்குப் பயந்து எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு உள்ளே பட்டினி கிடப்பது போல் ஆகிவிடும். இத்துடன் பூஞ்சை விடும் நச்சும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் வெளி இலைகள், அதாவது வயதான இலைகள், தொய்கின்றன. நடுக்குருத்து கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும். செடி காய்க்கத் தொடங்கி, வெயிலும் ஏறும்போதுதான் நோய் பட்டென்று வெளியே தெரியும். அப்போதுதான் தண்ணீர்த் தேவை அதிகம், குறுகிப்போன குழாய்க்கு அந்த அளவு கடத்த முடியாது. நடவு செய்து பல மாதம் நன்றாக இருந்த வயல் முதல் பறிப்பு சமயத்தில் விழுவதன் காரணம் இதுதான்.

இதுவரை வந்ததைத் திரட்டிச் சொன்னால்: வாடல் நோய் என்பது குழாய் நோய். நீர் மண்ணில் இருக்கிறது, இலைக்கு எட்டவில்லை. அதிகமாகத் தண்ணீர் விட்டால் அடைப்பு நீங்காது, வேர் மூச்சு முட்டுவதுதான் மிச்சம். இலைமேல் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லியும் குழாய்க்குள் இருக்கும் பூஞ்சையைத் தொடுவதில்லை.

மண்ணில் காத்திருக்கும் முடிச்சு

செடி செத்தபின் பூஞ்சையும் செத்துவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். அது அப்படிச் சாவதில்லை. வெர்டிசிலியம் என்ற பூஞ்சை, செத்துக்கொண்டிருக்கும் செடிக்குள் தன் இழைகளை இறுக்கிச் சுருட்டி, கரிய சின்னஞ்சிறு முடிச்சுகளாக மாற்றிக்கொள்கிறது. இலையும் வேரும் மக்கி மண்ணாகும்போது முடிச்சுகள் மண்ணில் தங்கிவிடுகின்றன. பத்து ஆண்டுக்கு மேலும் அவை உயிரோடு இருக்கும். ஃபுசேரியம் என்ற இன்னொரு பூஞ்சை முடிச்சு போடாது, அதற்குப் பதில் தடித்த சுவர் உள்ள வித்துகளாக மாறிப் பல வருடம் கிடக்கும்.

உறைமோர் எவ்வளவு சிறிதானாலும் பால் தயிராகிவிடும் இல்லையா? ஸ்ட்ராபெரிக்கு வெர்டிசிலியம் அப்படித்தான். ஒரு கிராம் மண்ணில் ஓரிரு முடிச்சு இருந்தாலே வயலில் சேதம் தெரிய ஆரம்பித்துவிடும். அதே மண்ணில் லெட்டூஸ் கீரை போட்டால், அது இதைவிடப் பல மடங்கு முடிச்சுகளைத் தாங்கிக்கொண்டு பச்சைப்பசேல் என்று நிற்கும். போன போகம் நன்றாக விளைந்த நிலம்தானே என்று நம்பி ஸ்ட்ராபெரி நட்டவர்கள் ஏமாந்தது இப்படித்தான். ஒரு பயிருக்கு நல்ல நிலம் இன்னொரு பயிருக்கு நோய் நிலமாக இருக்கலாம்.

மூன்று பூஞ்சை, ஒரே தோற்றம்

கலிஃபோர்னியாவில் ஸ்ட்ராபெரியைச் சாய்ப்பவை முக்கியமாக மூன்று: வெர்டிசிலியம், ஃபுசேரியம், மேக்ரோபோமினா. மூன்றாவதைக் கறாராக வாடல் நோய் என்று சொல்ல மாட்டார்கள், அது தண்டடியையே அழுக வைக்கிறது. ஆனால் வயலில் நின்று பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாடும் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, தண்டடியை நீளவாக்கில் இரண்டாகக் கத்தியால் பிளக்க வேண்டும். நல்ல செடியின் உள்பக்கம் வெளிறிய வெள்ளையாக, நறுக்கிய முள்ளங்கி மாதிரி இருக்கும். ஃபுசேரியம் என்றால் குழாய்கள் ஓடும் இடத்தில் செம்பழுப்பாக நிறம் மாறியிருக்கும். மேக்ரோபோமினா என்றால் கரும்பழுப்பாக இன்னும் பரவலாக. வெர்டிசிலியத்தில் பெரும்பாலும் உள்ளே பெரிய மாற்றம் தெரியாது. ஆனால் ஃபைட்டோப்தோரா என்ற இன்னொரு அழுகல் நோயிலும் உள்ளே செம்பழுப்பு வரும். ஆகவே கத்தி வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு சொல்ல ஆய்வகம்தான் வேண்டும்.

எந்தப் பூஞ்சையாக இருந்தால் என்ன, எல்லாம் நோய்தானே என்று கேட்கலாம். பெயர் தெரியாமல் செய்யும் வைத்தியம் இங்கே நேர்மாறான பலனையே தந்துவிடும். அதைக் கீழே தவிட்டுக் கதையில் பார்ப்போம்.

ஃபுசேரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் உறவுக்காரன் நமக்கு நன்றாகவே தெரிந்தவன். ரஸ்தாளி வாழையில் இலை மஞ்சளாகி, ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்குமே, அந்த வாடல் நோய்க்குக் காரணமும் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரம்தான். வாழையைத் தாக்குவது ஒரு கிளை, ஸ்ட்ராபெரியைத் தாக்குவது வேறு கிளை. வாழைத் தோட்டத்து மண்ணில் இருப்பது ஸ்ட்ராபெரியைக் கொல்லாது. முறை மட்டும் ஒன்றே: வேரில் நுழை, குழாயை அடை, மண்ணில் தங்கு.

புகை போட்ட காலம்

மண்ணில்தான் எதிரி என்றால், மண்ணையே சுத்தப்படுத்திவிட்டால் என்ன? கலிஃபோர்னியாவில் அதைத்தான் செய்தார்கள். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் வில்ஹெல்ம் என்ற தாவர நோயியலாளர் 1950களில் வெர்டிசிலியம் வாடலை ஆராய்ந்தபோது குளோரோபிக்ரின் என்ற வேதிப்பொருளை மண்ணில் செலுத்திப் பார்த்தார். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட அதே பொருள்தான். அதனுடன் மெத்தில் புரோமைடு என்ற வாயுவையும் கலந்தபோது பூஞ்சையோடு களை, நூற்புழு எல்லாமே போயின. நடவுக்கு முன் மண்ணுக்குள் வாயுவைச் செலுத்தி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைக்கும் இந்த முறைக்குப் புகையூட்டம் என்று பெயர். 1960களில் அது வழக்கமாகிவிட்டது. அதன்பின் ஒரே நிலத்தில் வருடா வருடம் ஸ்ட்ராபெரி போட முடிந்தது. இன்று அமெரிக்காவின் ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும் பங்கு அந்த ஒரு மாநிலத்திலிருந்து வருகிறது என்றால், அதன் அடியில் இந்தப் புகையும் இருக்கிறது.

மெத்தில் புரோமைடு வானத்தில் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று தெரிந்தபின் கதை மாறியது. 1987இன் மாண்ட்ரீல் உடன்படிக்கையின் கீழ் 1992இல் அது சேர்க்கப்பட்டது. வளர்ந்த நாடுகள் 2005க்குள் நிறுத்த வேண்டும் என்று ஆனது. மாற்று இல்லை என்று விலக்கு வாங்கி, கலிஃபோர்னியாவின் ஸ்ட்ராபெரிப் பழ வயல்களில் 2016 வரை ஓட்டினார்கள்.

மெத்தில் புரோமைடு பின்வாங்கிய அதே ஆண்டுகளில், 2005ஐ ஒட்டி, அதுவரை அங்கே பிரச்சினையாக இல்லாத மேக்ரோபோமினாவும் ஃபுசேரியமும் கலிஃபோர்னிய வயல்களில் தலைகாட்டின. அதற்கு மாற்றாக வந்த புகையூட்ட மருந்துகளைப் பல இடங்களில் முழு நிலத்துக்கும் செலுத்தாமல், சொட்டுநீர்க் குழாய் வழியாகப் பாத்திக்கு மட்டும் விட்டதில் ஓரங்களுக்குப் போதிய அளவு எட்டவில்லை என்பது பலரும் சொல்லும் காரணம். எனக்கு இதில் தெரிவது வேறொன்றும் உண்டு. ஐம்பது வருடம் ஒரே ஆயுதத்தை நம்பியதால், மண்ணைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே குறைந்துபோயிருந்தது. அந்தப் படிப்பு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

தவிடு, தண்ணீர், பிளாஸ்டிக்

அந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நிலத்தில் அரிசித் தவிட்டைக் கொட்டி மண்ணோடு கலக்கிறார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, ஏக்கருக்கு சுமார் 9 டன். பாத்தி போட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக்கால் மூடி, மண் ஊறும் வரை தண்ணீர் விட்டு, மூன்று வாரம் அப்படியே வைக்கிறார்கள்.

உள்ளே நடப்பது தோசை மாவு புளிப்பதற்குத் தூரத்துச் சொந்தம். தவிட்டைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் இருக்கும் ஆக்சிஜனை முழுவதும் குடித்துத் தீர்க்கின்றன. காற்று தீர்ந்தபின் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் ராஜ்யம். அவை அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களை விடுகின்றன. மண்ணில் உள்ள இரும்பும் மாங்கனீசும்கூடப் பூஞ்சைக்கு நஞ்சாகும் வடிவத்துக்கு மாறுகின்றன. பிளாஸ்டிக்கைக் கிழித்தால் அழுகிய வாடை முகத்தில் அடிக்கும், வேலை நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். காற்றற்ற மண் சுத்திகரிப்பு என்று இதற்குப் பெயர். ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தனித்தனியாக உருவானது. கலிஃபோர்னியாவுக்கு ஏற்றபடி இதைச் செம்மைப்படுத்தியவர்களில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தின் கேரல் ஷெனனும் ஜோஜி முராமோட்டோவும் முக்கியமானவர்கள்.

தழையைப் போட்டு மிதித்து, தண்ணீர் கட்டி, சேறு நாற நாற வயலைப் பக்குவப்படுத்திய நமக்கு இதன் அடிப்படை அந்நியமாக இருக்காது. வாழையில் வாடல் வந்த நிலத்தில் நெல்லைப் பயிர்ச்சுழற்சியாகப் போடச் சொல்வதிலும் இதே தர்க்கம் இருக்கிறது: தண்ணீர் தேங்கி நிற்கும் மண்ணில் ஃபுசேரியத்துக்கு மூச்சு முட்டும்.

ஆனால் பூஞ்சையின் பெயர் தெரிய வேண்டும் என்று சொன்னேனே, அது இங்கேதான். கடலோரத்தின் மிதமான மண் வெப்பத்திலேயே இந்த முறை வெர்டிசிலியத்தை நன்றாகக் குறைக்கிறது. ஃபுசேரியத்துக்கு அந்த வெப்பம் போதாது, மண் இன்னும் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். சூடு போதாத மண்ணில் தவிட்டைப் போட்டால் ஃபுசேரியம் அதையே சாப்பிட்டுப் பெருகிவிடலாம். ஒரே வைத்தியம், ஒருவனுக்கு நஞ்சு, இன்னொருவனுக்கு விருந்து.

ஒரு நிமிடம் நின்று பார்த்தால், இதுவரை சொன்ன எதுவும் நோய் வந்த செடியைக் காப்பாற்றுவது இல்லை. எல்லாமே நடவுக்கு முன் மண்ணில் இருக்கும் முடிச்சு, வித்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை. வாடல் நோயில் 'மேலாண்மை' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான்.

முன்பயிரும் ரகமும்

கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் கிருஷ்ணா சுப்பாராவ் என்ற விஞ்ஞானி பல வருடம் ஆராய்ந்து சொன்னது புரோக்கோலியைப் பற்றி. அறுவடைக்குப் பின் மிஞ்சும் புரோக்கோலித் தண்டையும் இலையையும் நறுக்கி மண்ணில் உழுதுவிட்டால் வெர்டிசிலியம் முடிச்சுகள் கணிசமாகக் குறைகின்றன. கடுகுக்குக் காரம் தருகிற வகைப் பொருட்கள் புரோக்கோலியிலும் உண்டு, அவை சிதையும்போது பூஞ்சைக்கு ஆகாது. அந்தக் கழிவைத் தின்ன வரும் நுண்ணுயிர்களும் உதவுகின்றன. மாறாக, உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் இருந்த நிலம் வெர்டிசிலியத்துக்கு வளர்ப்பிடமாக இருந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

ரகம் என்று வந்தால் ஃபுசேரியத்துக்கு நல்ல செய்தி உண்டு. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் எஃப்டபிள்யூ1 என்று பெயரிட்ட ஒற்றை மரபணு அந்தப் பூஞ்சையின் பரவலான இனத்தைத் தடுக்கிறது என்று கண்டார்கள். சான் ஆண்ட்ரியாஸ், போர்டோலா போன்ற ரகங்களில் அது ஏற்கெனவே இருந்தது, யாருக்கும் தெரியாமல். ஒற்றை மரபணுவை மட்டும் நம்பி இருப்பதில் ஆபத்தும் உண்டு. ஆக்ஸ்னார்டு பகுதியில் அதைத் தாண்டி வரும் இன்னொரு இனம் தென்பட்டுவிட்டது. குரோ மிஷல் வாழை வாடலில் அழிந்து கேவண்டிஷ் வந்ததும், பிறகு கேவண்டிஷையும் ஃபுசேரியத்தின் டிஆர்4 என்ற இனம் பிடித்ததும் இதே கதைதான். வெர்டிசிலியத்துக்கோ முழு எதிர்ப்புள்ள ரகம் கிடையாது, கொஞ்சம் தாங்கும் ரகங்கள்தான் உண்டு.

நாற்றில் தொடங்கும் நோய்

ஸ்ட்ராபெரியை விதை போட்டு வளர்ப்பது அரிது. தாய்ச்செடி தரையோடு நீட்டும் ஓடுதண்டின் நுனியில் குட்டிச்செடி வேர்விடும், அதை வெட்டி நடுவார்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே அந்த ஓடுதண்டில் சைலமும் ஓடுகிறது. தாயின் குழாயில் ஃபுசேரியம் இருந்தால், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் குட்டிக்குப் போய்ச் சேர முடியும். சுத்தமான மண்ணை ஒரு கட்டு நாற்று கெடுத்துவிடும். டிராக்டர் சக்கரத்திலும் காலணியிலும் ஒட்டிய மண்ணும் இதையே செய்யும். நோய்த் திட்டு இருக்கும் வயலில் கடைசியாக வேலை செய்வதும், வெளியே வரும்போது கழுவுவதும் செலவில்லாத காரியங்கள்.

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ சிறு அளவில் ஸ்ட்ராபெரி போடுகிறவர்களும், மாடியில் பை வைத்து வளர்ப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இந்த நாற்றைத்தான். நாற்று வாங்கும்போது மாதிரிக்கு ஒன்றிரண்டின் தண்டடியைப் பிளந்து பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. உருளைக்கிழங்கு எடுத்த பாத்தியில் உடனே நட வேண்டாம். டிரைக்கோடெர்மா நல்ல பூஞ்சைதான், நாற்றுக்கும் தொழுவுரத்துக்கும் சேர்க்கலாம், ஆனால் வாடிய செடியை அது எழுப்பும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

மண்ணை விட்டே வெளியேறுவதும் ஒரு வழி. நெதர்லாந்து, பெல்ஜியம், இங்கிலாந்தில் பெரும்பாலான ஸ்ட்ராபெரி இப்போது இடுப்புயர மேசைகளில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டிகளில் காய்க்கிறது. அந்த நார்க்கழிவு இலங்கையிலிருந்தும், நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் கழுவி, அமுக்கிக் கட்டியாகக் கப்பலேறிப் போனது. வீட்டில் பையில் வளர்ப்பவருக்கும் இதுவே எளிது. நோய் வந்தால் அந்தப் பையோடு போய்விடும்.

தரையில் வளர்ப்பவருக்கு முதல் செடி தொய்யும் நாளில் செய்ய வேண்டியது இது. காலையில், வெயில் ஏறுமுன் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், வேரோடும் சுற்றியுள்ள ஒரு கை மண்ணோடும் எடுத்துப் பையில் கட்டுங்கள். வேரில் புழு கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது வேறு பிரச்சினை. இல்லையென்றால் தண்டடியைப் பிளந்து பார்த்து, இன்னொரு செடியை முழுசாக வேளாண் பல்கலைக்கழகத்தின் பக்கத்து ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். பிடுங்கியதை எருக்குழியில் போடாதீர்கள். அந்தச் செடியிலிருந்து ஓடிய குட்டிகளை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் நடாதீர்கள். காலியான குழியில் உடனே இன்னொரு நாற்றை வைக்கவும் வேண்டாம், ஏனென்றால் அங்கே முடிச்சுகள் இப்போதுதான் புதிதாக விழுந்திருக்கும்.